கையில் சீனி

டிசம்பர் 27, 2025, சனி. கோத்தகிரி

நான்கு மணிக்கே பனிமூட்டம் இறங்கி எதிர்வீட்டை விழுங்கிவிட்டது. கரியடுப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 'தி சிக்ஸ்த் சென்ஸ்' படத்தை மறுபடியும் பார்த்தேன். 1999இல் வந்தது. இயக்கிய மனோஜ் நைட் சியாமளன் பிறந்தது மாஹேயில்; கதை நடப்பது பிலடெல்பியாவில்.

முதல் முறை அந்த முடிவில் அதிர்ந்துபோய் மற்றதையெல்லாம் மறந்திருந்தேன். இந்த முறை சிறுவன் கோலை மட்டும் பார்த்தேன். இறந்தவர்கள் தன் கண்ணில் படுகிறார்கள் என்று மருத்துவரிடம் சொல்லும்போது, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்திருக்கிறான். குரல் உயரவே இல்லை. ஹேலி ஜோயல் ஆஸ்மென்ட், என்ன பிள்ளை!

ஆவிகளுக்குக் கோபம் வந்தால் அறை குளிர்ந்து, அவன் மூச்சு புகையாக வரும். இங்கே மார்கழியில் எல்லோர் வாயிலும் புகைதான். ஆனாலும் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைச் சரிபார்த்தேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

அரையாண்டு விடுமுறைக்குத் தங்கை மகன் வந்திருக்கிறான். ஆறு வயது. காலையில் குரங்குக் குல்லாவை இழுத்துவிட்டபடி வந்து, "பெரியம்மா, வாசல்படியில் ஒரு தாத்தா உட்கார்ந்திருக்கிறார்" என்றான்.

போய்ப் பார்த்தேன். ஈரப் படி, பனி, வேறொன்றுமில்லை.

"அப்படியெல்லாம் சொல்லக்கூடாது" என்று அதட்டி, நெற்றியில் திருநீறு பூசிவிட்டேன். பகல் முழுவதும் அவன் என்னிடம் பேசவில்லை. நேற்றுக் கோலுக்காகக் கண் கலங்கியவள், இன்று வீட்டுப் பிள்ளையின் வாயை அடைத்திருக்கிறேன். மனம் ஆறவில்லை.

டிசம்பர் 30, செவ்வாய்

கார் காட்சியை மட்டும் திரும்பப் போட்டேன். சாலையில் விபத்து, வண்டிகள் நிற்கின்றன. கோல் தன் அம்மாவிடம் இறந்த பாட்டி சொன்னதைச் சொல்கிறான்: சிறுவயதில் நீ நடனமாடியபோது பாட்டி வந்திருந்தாராம், பின்வரிசையில் இருந்ததால் நீ பார்க்கவில்லையாம். அம்மாவாக நடிக்கும் டோனி கோலெட்டின் கை வாய்க்குப் போகிறது. நம்புவதற்கு முன்பே அழுகை வந்துவிடுகிறது. ஆறு ஆஸ்கார் பரிந்துரைகளில் அவருக்கும் அந்தச் சிறுவனுக்கும் ஒவ்வொன்று, கிடைத்திருக்க வேண்டும்.

மருத்துவர் அவனுக்குச் சொல்லும் வழியும் எளியதுதான்: ஓடாதே, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேள். நம் வீடுகளில் படையல் போடுகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான்தான் மறந்துவிட்டேன்.

ஜனவரி 1, 2026, வியாழன்

அம்மாவிடம் சொன்னேன். அவர் திடுக்கிடவில்லை. பையனை மடியில் இழுத்து உட்காரவைத்து, "தாத்தா ஏதாவது கேட்டாரா, தங்கம்?" என்றார்.

"ஒன்றும் கேட்கவில்லை, அம்மாச்சி. கையை இப்படி வைத்துக்கொண்டு நக்கினார்." இடது உள்ளங்கையைக் குழித்துக் காட்டினான்.

அப்பா 1974இல் இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரம் வந்து, பிறகு இந்த மலைக்குத் தேயிலை வேலைக்கு வந்தவர். சாகும்வரை சாயத்தண்ணீரில், அதாவது பாலில்லாத தேநீரில், சர்க்கரை கலந்து குடித்ததில்லை. இடது உள்ளங்கையில் கொஞ்சம் சீனி, ஒரு நக்கு, ஒரு மிடறு. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எல்லோரும் அப்படித்தான் குடிப்பார்களாம். இவன் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பே அவர் போய்விட்டார். கூடத்துப் படத்தில் முகத்தைப் பார்த்திருப்பான். சீனி எந்தப் படத்திலும் இல்லை.

அம்மா எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். பாலில்லாமல் ஒரு தம்ளர் சாயம், ஒரு காகிதத் துண்டில் சீனி. பையன்தான் சீனியைச் சிந்தாமல் இரு கையாலும் ஏந்திக்கொண்டு படிக்குப் போனான்.