விண்வெளி இயற்பியல் தாள்: முதலில் படத்தைப் போடுங்கள்

முடிவு வந்துவிட்டது. "அந்த விருப்பப்பாடத்தை எடுக்காதே, மாட்டிக்கொள்வாய்" என்று பயமுறுத்திய சீனியர்களைவிட அதில் கூடுதல் மதிப்பெண். இரண்டு நாள் மிதப்பாகத் திரிந்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மிக உயரத்தில் நிகழும் அணுவெடிப்பு, கதிர்வீச்சுப் பட்டைகளை (பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிச் சுற்றும் மின்துகள்களின் வளையங்கள்) என்ன செய்யும் என்ற பெரிய வினாவுக்குப் பலர் 1962 அமெரிக்கச் சோதனையில் ஹவாயில் தெருவிளக்குகள் அணைந்த கதையை எழுதிப் பக்கத்தை நிரப்பினார்கள். அது காமா கதிர்கள் கிளப்பிய மின்காந்தத் துடிப்பு, வந்த வேகத்தில் அடங்கிவிடும். கேட்டது காந்தப்புலத்தில் சிக்கிய துகள்களைப் பற்றி.

அந்தச் சோதனைதான் ஸ்டார்ஃபிஷ் பிரைம்: 1962 ஜூலை 9, பசிபிக்கின் ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே 400 கி.மீ., 1.4 மெகாடன். வரலாறு இவ்வளவு போதும். வெடிப்பில் பிளந்த அணுக்கருக்களின் துண்டுகள் பீட்டா சிதைவில் எலக்ட்ரான்களை உமிழ்கின்றன. ஓரிடத்தில் வெடித்தது எப்படி உலகைச் சுற்றிய பட்டையானது? மதிப்பெண் இங்கேதான் கிடக்கிறது. உள்பட்டையில் (பூமிக்கு நெருக்கமான பட்டை) சுமார் 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான் காந்தப் புலக்கோட்டைச் சுற்றிச் சுழலச் சில மைக்ரோ நொடிகள். வடக்கும் தெற்குமாகப் போய்த் திரும்ப ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி. கிழக்கே நகர்ந்து பூமியை ஒரு வலம்வர ஒரு மணி நேரம்போல. பிறகு வளையம் உருவாகாமல் என்ன செய்யும்?

மதுரை நத்தம் சாலை கலைஞர் நூலகத்தில் ஜெராக்ஸ் தாள்களின் பின்பக்கமெல்லாம் பென்சிலால் இதையே வரைந்தேன்: ஒரு கோளம், ஒரு வளைகோடு, மூன்று அம்புக்குறிகள், ஒவ்வொன்றின் அருகிலும் அதன் காலம். தேர்வறையிலும் விடையை இந்தப் படத்தில்தான் தொடங்கினேன். குழுவாகப் படிப்பது எனக்கு ஆகாது, டீக்கடை அரட்டையில்தான் முடியும். உங்களுக்கு ஒத்துவந்தால் சரி. படத்தை மட்டும் தனியே போட்டுப் பழகுங்கள்.

மற்றவை:
- ஆர்கஸ்: இதே போன்ற முந்தைய அணுவெடிப்புச் சோதனைகள், 1958, தென் அட்லாண்டிக். இயற்பியலாளர் கிறிஸ்டோஃபிலோஸின் யோசனை, எக்ஸ்புளோரர் 4 செயற்கைக்கோள் அளந்தது.
- டெல்ஸ்டார் செயற்கைக்கோள் ஸ்டார்ஃபிஷ் வெடிப்புக்கு மறுநாள் ஏவப்பட்டது; 1963 பிப்ரவரியில் ஓய்ந்தது. ஏரியல் 1 செயற்கைக்கோளின் சூரியத் தகடுகளும் கெட்டன.
- இழப்புக் கூம்பைக் கட்டாயம் எழுதுங்கள்: புலக்கோட்டை ஒட்டிய திசையில் பாய்வதால் திரும்பாமல் வளிமண்டலத்துக்குள் போய்விடும் துகள்களின் கோண வரம்பு அது. வளிமண்டலத்தில் மோதிச் சிதறி அதற்குள் விழுபவை தொலைகின்றன. எஞ்சியவற்றில் சில ஆண்டுக்கணக்கில் சுற்றின.
- 1963 அணுச் சோதனைத் தடை ஒப்பந்தம் ஒரே வரி. அதற்குமேல் அது அரசியல் அறிவியல் தாள்.

எலக்ட்ரான் கிழக்கே, புரோட்டான் மேற்கே. அம்புக்குறியைத் திருப்பிப் போட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.