சுவருக்கும் பின்மண்டைக்கும் நடுவே 4 விரற்கடை

முதுகு எவ்வளவு கூன் விழுந்திருக்கிறது என்று அறியச் சுவரில் முதுகு படும்படி நின்று பார்த்தேன். குதிகால், பிட்டம், தோள்பட்டை மூன்றும் சுவரைத் தொட்டன, பின்மண்டை தொடவில்லை. முகவாயைத் தூக்காமல் இயல்பாக நின்றால் 4 விரற்கடை இடைவெளி. அதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துவிட்டுத்தான் யோகாசனம் தொடங்கினேன். இன்றோடு 12 வாரங்கள் ஆகின்றன. இடைவெளி இப்போது 2 விரற்கடைக்குச் சற்று மேல்.

நாள் முழுவதும் கணினி முன்னால் உட்காரும் வேலை. மாலையானால் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே ஓர் எரிச்சல். "நிமிர்ந்து உட்கார்" என்று எனக்கு நானே கட்டளையிட்டுக்கொள்வேன்; 5 நிமிடம் தாங்கும், பிறகு சாக்கு மூட்டை போலச் சரிந்துவிடுவேன். இதை வெறும் மறதி என்றே நினைத்திருந்தேன். நிமிர்த்திப் பிடிக்க முதுகில் தெம்பே இல்லை என்பது சலபாசனம் செய்த முதல் நாள்தான் உறைத்தது.

வாரத்துக்கு 5 நாள், காலையில் 20 நிமிடம். முதலில் முதுகை உள்ளும் வெளியும் வளைக்கும் பூனை நிலை, பிறகு குப்புறப் படுத்துப் பாம்புபோல் நெஞ்சைத் தூக்கும் புஜங்காசனம், சலபாசனம், கடைசியில் மண்டியிட்டு முன்னால் குனிந்து ஓய்வெடுக்கும் பாலாசனம். அவ்வளவுதான். சலபம் என்றால் வெட்டுக்கிளி. குப்புறப் படுத்து, கைகளை உடலோடு ஒட்டிப் பின்னால் நீட்டி, நெஞ்சையும் கால்களையும் ஒருசேரத் தூக்கிப் பிடிக்க வேண்டும். பார்க்க ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். முதல் நாள் 5 விநாடி; தொடை நடுங்கியது, மூச்சு நின்றுபோனது. முதுகுத்தண்டின் இருபுறமும் நீளவாக்கில் ஓடும் தசைகள் அங்கே இருக்கின்றன என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது வாரத்தில் ஆசை வந்தது. புஜங்காசனத்தில் படத்தில் இருப்பதுபோல் எழும்ப வேண்டும் என்று கைகளை முழுவதும் ஊன்றி, முழங்கையை நேராக்கி, கழுத்தையும் பின்னால் சாய்த்தேன். மறுநாள் இடுப்புப் பிடித்துக்கொண்டது. 4 நாள் விரிப்பைத் தொடவில்லை.

படுத்துக் கிடந்தபோது யோசித்ததில் காரணம் புரிந்தது. விலா எலும்புகள் இணைந்திருக்கும் நடுமுதுகின் 12 முள்ளெலும்புகள் பின்னோக்கி அதிகம் வளையாதவை. கழுத்தும் கீழ்முதுகும் எளிதில் வளைபவை. கையால் தள்ளினால் இளகிய இடமே மேலும் வளைகிறது. இறுகிய நடுமுதுகு சும்மா வேடிக்கை பார்க்கிறது. எனக்குக் கூன் விழுந்திருப்பதோ அந்த நடுமுதுகில்! அதன்பின் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: உள்ளங்கைகளைத் தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கினாலும் நெஞ்சு கீழே விழக் கூடாது. விழாத உயரம் எதுவோ, அதுதான் என் உயரம். அது முன்பு எழும்பியதில் பாதிகூட இல்லை. கொஞ்சம் மானக்கேடுதான், ஆனால் முதுகு வேலை செய்யத் தொடங்கியது அந்தப் பாதி உயரத்தில்தான்.

(எனக்கு இருந்தது சோம்பேறி முதுகு மட்டுமே. வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ ஆசனம் பிறகு, மருத்துவர் முதலில்.)

இன்னொன்று நான் எதிர்பாராதது. சம்மணமிட்டு உட்கார்ந்தாலே முதுகு வளைந்தது. இடுப்பும் பின்தொடையும் இறுகிப்போனதால் இடுப்பெலும்பு பின்னால் சாய்கிறது. அதன்மேல் நிற்கும் முதுகு என்ன செய்யும்? மடித்த போர்வையின் விளிம்பில் உட்கார்ந்ததும் பாதிப் போராட்டம் தீர்ந்தது.

எட்டாவது வாரம் வெளியூர்ப் பயணம், ஒரு நாள்கூடச் செய்யவில்லை. 25 விநாடியில் இருந்த சலபாசனம் 18-க்கு இறங்கியது. இரண்டு வாரத்தில் மீண்டுவிட்டது.

இப்போது 30 விநாடி, 3 முறை, நடுநடுவே குப்புறப் படுத்தபடி மகராசனத்தில் ஓய்வு. நாற்காலியில் 40 நிமிடம் வரை நினைவூட்டல் இல்லாமலே நிமிர்ந்திருக்கிறேன். மாலை எரிச்சல் வாரத்தில் ஒரு நாள் எட்டிப் பார்க்கிறது. வலது தோள் மட்டும் இன்னும் முன்னால் உருண்டுதான் கிடக்கிறது. மவுஸ் பிடிக்கும் கை என்பதாலோ என்னவோ.

குப்புறப் படுத்துக் கணுக்கால்களைப் பிடித்து வில்லாக வளையும் தனுராசனத்தைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கை பரபரக்கிறது. சலபாசனம் 40 விநாடியைத் தொடட்டும், அதுவரை வேண்டாம்.