எட்டுக்குப் பிறகுதான் பதினைந்து

பெங்களூரில் முகவரி என்றாலே மெயினும் (முக்கியத் தெரு) கிராஸும்தான் (குறுக்குத் தெரு). மல்லேஸ்வரத்தில் 8வது கிராஸ் தாண்டித்தான் 15, அப்புறம் 18. அந்தப் பக்கம் தண்ணீர் கேன் போடும் ஒரு நிறுவனத்தின் பிஎச்பி என்ற நிரல் மொழியில் எழுதிய பழைய மென்பொருளைப் பராமரிக்கும் வேலை எங்களிடம் வந்தது. காலையில் அச்சாகும் பட்டியலில் 15 முதலில், 18 அடுத்து, 8 கடைசி.

வண்டிகளை அனுப்பும் அண்ணன் ஸ்ரீராமபுரத்துத் தமிழர். தினமும் தாளின் ஓரத்தில் பேனாவால் வரிசை எண் போட்டுத்தான் பையன்களிடம் கொடுப்பார். "கம்ப்யூட்டர் அப்படித்தான் தம்பி, நாங்க சரி பண்ணிக்கிறோம்" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. வேலையைக் குறைக்க வந்த பொருள், ஒருவருக்கு விடிந்ததும் வேலை வைக்கக் கூடாது.

காரணம் எளிது. சாதாரண வரிசைப்படுத்தல் எழுத்து எழுத்தாகத்தான் பார்க்கும். கணினியில் 1க்குக் குறியீடு 49, 8க்கு 56. முதல் எழுத்திலேயே தீர்ப்பு ஆகிவிடுகிறது. பின்னால் 5 நிற்பதை அது பார்ப்பதே இல்லை. வெறும் எண்களாக இருந்தால் பிஎச்பி எண்ணாகவே ஒப்பிட்டுவிடும். அதனால் வீட்டு எண்கள் ரொம்ப நாள் ஒழுங்காகத் தெரியும். யாராவது 9ஏ என்று ஒரு வீட்டைச் சேர்த்ததும் 9, 10, 9ஏ என்று வந்து நிற்கும்.

இதற்கென்றே 2000இல் வந்த பிஎச்பி 4 முதல் நாட்சார்ட் என்ற இயல்பு வரிசைச் செயல்கூறு இருக்கிறது. அடிப்படை, மார்ட்டின் பூல் எழுதிய ஒப்பீட்டு முறை: இலக்கங்கள் சேர்ந்து வந்தால் ஒரே எண்ணாக எடுத்துக்கொள்ளும். அதைப் போட்டதும் அச்சுத் தாள் சரியாகிவிட்டது. ஆனால் பையன்களின் கைபேசியில் அதே பழைய வரிசை!

கொஞ்சம் தோண்டினால்தான் விஷயம் தெரிந்தது. நாட்சார்ட் வரிசையை மாற்றும், ஒவ்வொரு உறுப்பின் பழைய சாவி எண்ணையும் (பட்டியலில் அதற்கான இட எண்) அப்படியே விட்டுவிடும். கைபேசிக்கு ஜேசன் என்ற தரவு வடிவில் அனுப்பும்போது சாவிகள் 0, 1, 2 என்று வரிசையாக இல்லாததால் அது பட்டியலாகப் போகாமல் சாவியும் மதிப்புமான ஜோடிகளாக, அதாவது ஆப்ஜெக்டாகப் போகிறது. கைபேசிப் பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி அதன் எண் சாவிகளை ஏறுவரிசையில்தான் எடுக்கும். இந்தப் பக்கம் அடுக்கியதை அந்தப் பக்கம் கலைத்துவிடுகிறது. அர்ரே வேல்யூஸ் என்ற செயல்கூறு வழியாக அனுப்பினால் சாவிகள் புதிதாகிவிடும். பிஎச்பி 5.4 முதல் சாதாரண வரிசைப்படுத்தலான சார்ட்டிலேயே சார்ட் நேச்சுரல் என்று குறிப்பிடலாம். அதிலும் சாவிகள் புதிதாகவே வரும். நான் இதையே சிபாரிசு செய்வேன்.

வாடிக்கையாளர் பெயர்களைத் தமிழிலும் சேர்க்கச் சொன்னார்கள். அங்கே நாட்சார்ட் உதவாது. எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் தரும் யூனிகோடில் ன, ந-வை ஒட்டி உட்கார்ந்திருப்பதால் கனகா, கலா, கவிதா என்று வருகிறது. நம் நெடுங்கணக்கில் ன கடைசி மெய். கலா, கவிதா, கனகா என்றுதான் வர வேண்டும். பிஎச்பியின் இன்ட்ல் நீட்சியில், மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் கொலேட்டரைத் தமிழுக்கு வைத்து, எண் ஒப்பீட்டையும் இயக்கினால் இரண்டும் சேர்ந்து சரியாகிறது. தமிழ்ப் பெயர்களைக் கையாளும் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நம் பெயர்ப் பட்டியல் நம் அகரவரிசையில் வருவதுதான் முறை.

எட்டாவது கிராஸ் என்று எழுத்தில் தட்டியிருந்த முகவரிகளை எந்த ஒப்பீடும் காப்பாற்றாது. அவற்றுக்குத் தெரு எண் என்று தனிக் கட்டம் வைத்தோம்.

எல்லாம் முடிந்து தாளைக் காட்டியபோது அண்ணன் சந்தோஷமாகத்தான் பார்த்தார். பிறகு 18வது கிராஸில் விரல் வைத்தார். "இங்க ஸ்கூல் வண்டி வர்றதுக்கு முன்னாடி போயிடணும் தம்பி. இதை மேல ஏத்த முடியுமா?" அதற்கும் ஒரு கட்டம் சேர்த்தோம். அவர் எண் போட்ட தெருக்கள் முதலில், மற்றவை இயல்பு வரிசையில்.