மொன்டெரிஜோனி: சாவி கைமாறிய கோட்டை

காலை எட்டு மணிக்கு மூடுபனி இன்னும் கலையவில்லை. இத்தாலியின் டஸ்கனி பகுதியில், அபாதியா அ இசோலா என்ற சின்னக் கிராமத்திலிருந்து நானும் தங்கையும் மொன்டெரிஜோனி என்ற கோட்டை ஊரை நோக்கி நடக்கத் தொடங்கினோம். அக்டோபர் கடைசி. உழுது போட்ட வயல்களுக்கு நடுவே வெளுத்த மண் பாதை. ஒரு வளைவு திரும்பியதும் பனிக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஏதேதோ தெரிந்தது. ஒன்று, இரண்டு, அப்புறம் நாலைந்து. அடியில் குன்று இருப்பதே தெரியவில்லை. தங்கை நின்றுவிட்டாள்.

"அக்கா, ஆளுங்க நிக்கிற மாதிரி இருக்கு."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. அவள் இத்தாலியக் கவிஞர் தாந்தேயைப் படித்தவள் இல்லை. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் தாந்தே தன் நரகப் பயணக் காவியத்தின் 31ஆம் காண்டத்தில் எழுதியதும் இதைத்தான், கொஞ்சம் திருப்பிப் போட்டு. மங்கிய ஒளியில் தூரத்தில் கோபுரங்கள் நிற்பதாக அவருக்குத் தோன்றுகிறது. இது என்ன ஊர் என்று கேட்கிறார். கோபுரம் இல்லை, இடுப்புவரை பள்ளத்துக்குள் நிற்கும் அரக்கர்கள் என்கிறார் கூட வரும் பழைய ரோமானியக் கவி வெர்ஜில். வட்ட மதிலின் மேல் மொன்டெரிஜோனி கோபுரங்களை முடிபோலச் சூடியிருப்பதுபோல் அந்த அரக்கர்கள் நின்றார்கள் என்று ஊர்ப் பெயரையே சொல்லி எழுதுகிறார் தாந்தே.

நாங்கள் வந்த பாதைக்கு வியா ஃபிரான்சிஜெனா என்று பெயர். இங்கிலாந்துப் பக்கத்திலிருந்து ரோமுக்கு யாத்திரை போனவர்களின் வழி. 990 வாக்கில் கேன்டர்பரி பேராயர் சிகெரிக் ரோமுக்குப் போய்த் திரும்பியபோது, தங்கிய ஊர்களின் பட்டியல் ஒன்று எழுதப்பட்டது. அது இன்றும் இருக்கிறது. அபாதியா அந்தப் பட்டியலில் உண்டு, வேறொரு பழைய பெயரில். மொன்டெரிஜோனி இல்லை. அப்போது இந்த ஊரே கிடையாது.

ஊர் பிறந்தது சண்டைக்காக. தெற்கே சியெனா, வடக்கே ஃப்ளாரன்ஸ். இரண்டும் பணக்காரக் குடியரசுகள். இரண்டுக்கும் தீராத பகை. நடுவில் ரோமுக்குப் போகும் பழைய காசியா சாலை. அந்தச் சாலையையும் எல்சா பள்ளத்தாக்கையும் ஒருசேரப் பார்க்கத் தோதாக இந்தக் குன்று இருந்தது. சியெனாக்காரர்கள் 1213இல் மதில் எழுப்பத் தொடங்கி 1219க்குள் முடித்தார்கள். குன்றின் விளிம்பு எப்படி வளைகிறதோ அப்படியே மதிலும் வளைகிறது. சுற்றளவு சுமார் 570 மீட்டர், கனம் 2 மீட்டர், கோபுரங்கள் 14, வாசல்கள் இரண்டே இரண்டு. ஒன்று ரோமைப் பார்த்தது, மற்றது ஃப்ளாரன்ஸைப் பார்த்தது. பெயர்களும் அப்படியே: போர்த்தா ரொமேயா, போர்த்தா ஃபியொரென்தினா.

ஒரு மணி நேர நடைக்குப் பிறகு உள்ளே நுழைந்தோம். வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் சதுக்கம் வந்துவிடுகிறது. பியாட்சா ரோமா என்று பெயர். ஓரத்தில் 13ஆம் நூற்றாண்டின் சாந்தா மரியா தேவாலயம்: வெறும் கல் முகப்பு, கதவுக்கு மேலே ஒரு வட்டச் சன்னல், அவ்வளவுதான். டஸ்கனியில் பளிங்கும் ஓவியமுமாக இழைத்த தேவாலயங்களைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு இந்த எளிமை இதமாக இருந்தது. நடுவில் ஒரு பழைய கிணறு. இன்னும் கொஞ்சம் நடந்தால் எதிர்வாசல்.

"இவ்ளோதானா ஊரு?" என்றாள் தங்கை.

இவ்வளவுதான். ஆனால் மதில்மேல் ஏறுங்கள். டிக்கெட் எடுத்தால் இரண்டு இடங்களில் மேலே நடக்க விடுகிறார்கள். எல்லோரும் வெளியே கியான்தி மலைகளைப் பார்த்துப் படம் எடுக்கிறார்கள். தப்பில்லை, திராட்சைத் தோட்டங்கள் அந்தப் பருவத்தில் செம்பும் மஞ்சளுமாகக் கிடந்தன. நான் உள்பக்கம்தான் அதிகம் பார்த்தேன். வீடுகளுக்கும் மதிலுக்கும் நடுவே காய்கறிப் பாத்திகள்! கரும்பச்சையில் சுருள் சுருளாக ஒரு கோஸ் வகைக் கீரை, குச்சி நட்டுக் கட்டிய தக்காளிச் செடிகளின் காய்ந்த மிச்சம், ஓர் ஆலிவ் மரம், அதன் அடியில் காய் பறிக்க விரித்த ஆரஞ்சு வலை. ஒரு பாட்டி குனிந்து கீரை கிள்ளிக்கொண்டிருந்தார். முற்றுகை வந்து வாசலை அடைத்துவிட்டால் உள்ளே இருப்பவர்கள் சாப்பிடவேண்டுமே. அந்தக் கவலையில் விட்டுவைத்த நிலம்தான் இன்றும் கொல்லையாக இருக்கிறது. மதிலைவிட அந்தக் கீரைப் பாத்திதான் எனக்குப் பழைய காலத்தைக் கிட்டத்தில் காட்டியது.

சின்ன ஆயுத அருங்காட்சியகம் ஒன்றும் உண்டு. இருப்பவை எல்லாம் நகல்கள், அதனால் சிலவற்றை எடுத்து மாட்டிப் பார்க்கலாம். தங்கை இரும்புத் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் திரும்ப முயன்றாள். கழுத்தோடு சேர்த்து உடம்பையே திருப்பவேண்டியிருந்தது. சந்துகளில் சில இளைஞர்கள் ஒரு பெரிய மாளிகையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பிரபலமான வீடியோ கேம் ஒன்றில் இந்த ஊர் வருகிறது, அதில் வரும் மாளிகை அது. நிஜத்தில் அப்படி ஒன்று கிடையாது.

இனி அந்தச் சாவிக் கதை. 13ஆம் நூற்றாண்டில் ஃப்ளாரன்ஸ் படை 1244இலும் 1254இலும் வந்து முட்டிப் பார்த்தது, கோட்டை விழவில்லை. முந்நூறு ஆண்டு கழித்து, 1554இல், மெதிச்சி குடும்பத்துக் கோசிமோ ஆண்ட ஃப்ளாரன்ஸும் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படையும் சேர்ந்து சியெனாவை வளைத்தன. படைத்தலைவர் மரிஞ்ஞானோ பிரபு. மொன்டெரிஜோனியின் காவல் ஜியோவன்னினோ ஜெத்தி என்ற தளபதி கையில் இருந்தது. அவர் ஃப்ளாரன்ஸ்காரர், நாடு கடத்தப்பட்டவர். ஊர்ச் சாவியைப் பிரபுவிடம் கொடுத்துவிட்டார். சொந்த ஊருக்குத் திரும்ப மெதிச்சிகளின் மன்னிப்பு வேண்டியிருந்தது, அதற்காகத்தான் என்று சொல்கிறார்கள். மறு ஆண்டு ஏப்ரலில் சியெனாவும் பணிந்தது.

ஜெத்தியின் ஆவி இன்னும் மதிலுக்கு அடியில் உள்ள சுரங்க வழிகளில் அழுதுகொண்டு திரிகிறது என்று ஒரு கதை உண்டு. எனக்கு ஆவியைவிட இன்னொன்றுதான் மனதை அறுத்தது. தாந்தேயும் ஃப்ளாரன்ஸிலிருந்து துரத்தப்பட்டவர்தான், 1302இல். 1315இல், குற்றத்தை ஒப்புக்கொண்டு தலை குனிந்து வந்தால் திரும்பலாம் என்று வழி திறந்தார்கள். மாட்டேன் என்றார். 1321இல் ராவென்னாவில் இறந்தார், ஊரைத் திரும்பப் பார்க்காமலே. வீடு திரும்ப முடியாத இரண்டு ஃப்ளாரன்ஸ்காரர்கள்: ஒருவர் இந்த ஊரை ஒரு வரியில் நிலைக்க வைத்தார், மற்றவர் இதன் கதவைத் திறந்துவிட்டார். ஜெத்தியைத் துரோகி என்று சொல்வது எளிது. நானும் சொல்வேன். ஆனாலும் மதில்மேல் நின்று வடக்கே பார்த்தபோது, ஃப்ளாரன்ஸ் ஒன்றும் அவ்வளவு தூரத்தில் இல்லை என்பது உறைத்தது. தினமும் அந்தத் திசையைப் பார்த்தபடி காவல் இருந்திருக்கிறார் மனிதர்.

மதியம் சதுக்கத்தில் சாப்பிட்டோம். பீச்சி என்று தடித்த நூடுல்ஸ் மாதிரி ஒன்று, பூண்டும் தக்காளியும் போட்டு. நம் நாக்குக்கு ஒத்துப்போகும். ரொட்டியில் மட்டும் உப்பே இருக்காது. டஸ்கனி வழக்கம் அது. பில்லில் ஆளுக்கு இவ்வளவு என்று உட்காரும் கட்டணம் ஒன்று சேர்ந்து வரும், அதுவும் வழக்கம்தான்.

பெரும்பாலோர் சியெனாவிலிருந்து பஸ்ஸில் வந்து, கீழே சாலையில் இறங்கி, குன்றேறி, ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறார்கள். முடிந்தால் சாயங்காலம்வரை இருங்கள். நாலு மணிக்கு மேல் சதுக்கம் காலியாகி, கிணற்றடியில் இரண்டு பூனைகளும் நாங்களும் மட்டும் இருந்தோம். கீரை கிள்ளிய பாட்டி ஒரு பையோடு கடந்து போனார். தங்கை தலையசைத்தாள், அவரும் அசைத்தார்.

ரொமேயா வாசல் வழியாக வெளியே வந்தோம். பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. பேசாமல் மதிலுக்கு வெளியே ஒரு சுற்று நடந்தோம், கையை அந்தக் கல்லில் வைத்துக்கொண்டே. வெயில் பட்ட பக்கம் இன்னும் சூடாக இருந்தது.