முப்பது வருஷத்துச் சிரா: நவம்பர் நாட்குறிப்பு

2 நவம்பர் 2024, சனி

கலிபோர்னியாவின் சாரடோகாவில் இருக்கும் அண்ணன் வீட்டை விற்கிறார். போகப்போவது சின்ன வீடு. அங்கே கீழ்அறை கிடையாது. எண்பதுகளிலிருந்து சேர்த்த ஒயினையெல்லாம் காலி செய்தாக வேண்டும். கேபர்நே திராட்சை ஒயினெல்லாம் ஏலத்துக்குப் போய்விட்டது. ரோன் வகைகளை மட்டும் கொடுக்க அவருக்கு மனசில்லை. "இதுக்கு அங்க பெரிசா விலை வராது. நாமளே தொறந்து பாத்துடுவோம் தம்பி, உள்ள என்ன ஆகியிருக்குன்னு" என்றார். இந்த மாதத்து வார இறுதிகள் எல்லாம் அதற்குத்தான்.

ரோன் வகை என்றால் பிரான்ஸின் ரோன் நதிப் பள்ளத்தாக்கில் வேரூன்றிய திராட்சைகள். சிவப்பில் சிரா, கிரெனாஷ், மூர்வேத்ர். வெள்ளையில் ரூசான், மார்சான், வியோனியே. இவற்றில் சில கலிபோர்னியாவில் நூறு வருஷத்துக்கும் மேலாக உண்டு, ஆனால் பெயர் சொல்லி விற்றவர் குறைவு. பெரும்பாலும் மற்றதோடு கலந்து மலிவு ஒயினாகப் போய்விடும். அமெரிக்க மதுவிலக்குக் காலத்துக்குப் பிறகு சிரா என்றே பெயர் போட்டு பாட்டிலில் அடைத்த முதல் ஆலை நாபாவின் ஜோசப் ஃபெல்ப்ஸ், 1974 அறுவடையில். எண்பதுகளில் ஒரு கூட்டமே கிளம்பியது: சான்டா க்ரூஸ் மலையில் ரேண்டல் கிராம், சான்டா பார்பரா பக்கம் பாப் லிண்ட்குவிஸ்ட், பெர்க்லி பக்கம் ஸ்டீவ் எட்மண்ட்ஸ். 'ரோன் ரேஞ்சர்ஸ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1989-ல் ஒயின் ஸ்பெக்டேட்டர் இதழின் அட்டையில், முகமூடி போட்ட அமெரிக்கக் கதைநாயகன் லோன் ரேஞ்சர் வேஷத்தில் நின்றார் கிராம்.

அன்றிலிருந்தே ஒரு பேச்சும் கூட வருகிறது: இதெல்லாம் வெயில் ஊர்ச் சரக்கு, வாங்கின கையோடு குடித்துவிட வேண்டும், வைத்தால் தாங்காது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அண்ணனின் கீழ்அறை வருஷம் முழுக்க 13 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். இங்கே ஒன்று வாடியிருந்தால் அது ஒயினின் குறைதான். நாளைக்கான இரண்டு பாட்டில்களையும் நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தேன். மண்டி அடியில் தங்க ஒரு நாளாவது ஆகும்.

3 நவம்பர், ஞாயிறு

லிண்ட்குவிஸ்ட் தொடங்கிய கியூப்பே ஆலையின் பியென் நசீடோ தோட்டத்துச் சிரா. ஸ்டீவ் எட்மண்ட்ஸின் ஆலையான எட்மண்ட்ஸ் செயின்ட் ஜானின் டூரெல் தோட்டத்துச் சிரா. இரண்டும் 1994. திராட்சையும் ஒன்று, அறுவடையும் ஒன்று, தோட்டங்களுக்கு நடுவே நானூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம்.

பழைய தக்கையில் திருகாணியை ஏற்றினால் பொடிந்துவிடும். அண்ணன் இரண்டு தகட்டுக் கால் வைத்த திறப்பானை எடுத்தார். ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. நீளமானதை முதலில் தக்கைக்கும் கண்ணாடிக்கும் இடையில் சொருகி, இப்படியும் அப்படியும் அசைத்து அசைத்து இறக்கினார். பிறகு திருகிக்கொண்டே மேலே இழுத்தார். கியூப்பே தக்கை முழுசாக வந்தது. டூரெல் தக்கை அடிப்பக்கம் கறுத்து ஊறிப்போயிருந்தது. வாய் வரை வந்து இரண்டாக விண்டது, நல்லவேளை உள்ளே விழவில்லை. டிகாண்டர் என்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றும்போது நான் பாட்டில் கழுத்துக்குப் பின்னால் ஃபோன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டேன். தெளிவாக ஓடிக்கொண்டிருந்த சிவப்பில் கறுப்பாக ஒரு இழை கழுத்தை நோக்கி வந்ததும் அண்ணன் கையை நிமிர்த்திவிட்டார். இளம் ஒயினில் நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பும், நிறம் தருகிற பொருள்களும் வருஷக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்துக் கனமாகி விழுந்ததுதான் அந்த மண்டி. அது கீழே போன அளவுக்கு மேலே இருப்பது மென்மையாகியிருக்கும்.

கியூப்பே நடுவில் மாதுளைச் சிவப்பு, ஓரத்தில் செங்கல் நிறம். மூக்கைக் கொண்டுபோனதும் மிளகு, அதுவும் அப்போதுதான் இடித்த மிளகு. பின்னாலேயே கறுப்பு ஆலிவ், புகை, உலர்ந்த ரோஜா. வாயில் புளிப்பு கொஞ்சமும் குறையவில்லை. முப்பது வருஷம் ஆன ஒயின் இப்படி நிமிர்ந்து நிற்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

அண்ணிக்கு அந்த மிளகு வாசனை வரவே இல்லை. "என்னங்க மிளகு மிளகுங்கறீங்க, எனக்குப் பழ வாசனைதான் வருது" என்றார். அதற்குக் காரணம் உண்டு. சிராவின் மிளகு மணம் ரோட்டண்டோன் என்ற பொருளால் வருவது, ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். நம் அஞ்சறைப் பெட்டி மிளகின் வாசனையும் அதே பொருளால்தான். ஐந்தில் ஒருவருக்கு அதன் வாசனையே தெரியாது. குளிர்ந்த தோட்டங்களில் அது கூடுதலாகச் சேரும். பியென் நசீடோ இருக்கும் சான்டா மரியா பள்ளத்தாக்கு கடலைப் பார்த்து வாய் திறந்து கிடப்பது, மூடுபனி தடையில்லாமல் நேரே உள்ளே வந்துவிடும். இன்றைக்கு எனக்கு அந்த மிளகிலேயே ஊரின் குளிர் தெரிந்தது.

டூரெல் முதலில் பேசவில்லை. இரும்பு வாடை, ஈர மண், அவ்வளவுதான். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் போனால் வேறு ஒயின்: சுட்ட இறைச்சி, நாவல்பழம், காய்ந்த மூலிகை, நீண்டு நிற்கிற துவர்ப்பு. அண்ணனுக்குக் கியூப்பே. எனக்கு இது. பெட்டலூமா பக்கத்து மலை இடைவெளி வழியாகப் பிற்பகல் தோறும் கடற்காற்று அடிக்கிற சோனோமா தோட்டம் அது. கொடி நின்ற ஊரின் குளிரும் காற்றும்தான் இரண்டு பாட்டில்களையும் இதுவரை கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன. லிண்ட்குவிஸ்ட் 2018-ல் கியூப்பேயை விற்றுவிட்டு இப்போது தன் குடும்பப் பெயரில் ஒயின் செய்கிறார். அந்த மனிதருக்கு இந்த பாட்டிலை ஊற்றிக் காட்ட வேண்டும் போல இருந்தது.

9 நவம்பர், சனி

முதல் பாட்டில் பாழ். தக்கையை எடுத்ததுமே பூசணம் பிடித்த அட்டைப்பெட்டி வாசனை. டிசிஏ என்ற பொருள் தக்கையிலிருந்து இறங்கியிருக்கிறது. பூசணமும் குளோரினும் சேர்ந்து உண்டாவது, லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஊற்றிவிட்டோம்.

அதன் பிறகு கிராமின் ஆலையான பானி டூனின் லெ சிகார் வொலான், 1990. ரேண்டல் கிராமின் பெயர் சொல்லும் ஒயின், முதல் அறுவடை 1984. தெற்கு ரோனின் ஷாதோநெஃப்-து-பாப் ஊரை மனதில் வைத்துக் கிரெனாஷ், மூர்வேத்ர், சிரா கலந்து செய்தது. பெயருக்குப் பறக்கும் சுருட்டு என்று பொருள். 1954-ல் அந்த ஊர் நகராட்சி, பறக்கும் தட்டுகள் எங்கள் திராட்சைத் தோட்டங்களில் இறங்கக் கூடாது என்று உண்மையாகவே ஆணை போட்டது. லேபிளிலும் பழைய செதுக்கோவியப் பாணியில் தோட்டத்துக்கு மேலே அது மிதக்கிறது.

நிறம் வெளிறிவிட்டது, கிளாஸுக்குப் பின்னால் பிடித்த விரல் தெரிகிறது. கிரெனாஷின் குணம் அது. காற்றுக்குச் சீக்கிரம் வசப்படும், நிறம் முதலில் போகும். சிராவும் மூர்வேத்ரும் அதற்கு நேர் எதிர், காற்றை எளிதில் ஏற்காதவை. மூன்றையும் சேர்த்து வைத்தவர்கள் காரணத்தோடுதான் சேர்த்தார்கள். மணம் கலங்கவில்லை: ஆரஞ்சுத் தோல், காய்ந்த செர்ரி, தேயிலை, கொஞ்சம் தோல் பை வாசனை. வாயில் இனிப்பின் சாயல் வந்து, கடைசியில் துவர்ப்பில் முடிகிறது. இதற்கு மேல் வைக்கக் கூடாது. ஆனால் இன்றைக்கு இருக்கிற நிலையில் இதைவிட இதமான ஒயினை இந்த வருஷம் நான் குடிக்கவில்லை.

கிராம் பிற்பாடு தக்கையையே விட்டு திருகுமூடிக்குப் போனார். 2002-ல் நியூயார்க்கில் தக்கைக்கு இறுதிச் சடங்கு விருந்து வைத்தார். இன்று ஊற்றிவிட்ட பாட்டிலை நினைத்தால் அவர் பக்கம் இருக்கும் நியாயம் புரிகிறது.

13 நவம்பர், புதன்

வேலை நாள், சுருக்கமாக. 2000-களின் சிரா ஒன்று. வந்த காலத்தில் அதிக மதிப்பெண் வாங்கி, கிடைப்பதற்கே வரிசையில் நின்றது. லேபிளில் ஆல்கஹால் 15-க்கு மேல். இன்றும் கறுப்பாகவே இருக்கிறது, கனமாகவும் இருக்கிறது, ஆனால் உள்ளே ஒன்றுமில்லை. உலர்திராட்சை, சாக்லேட், தொண்டையில் சூடு. பழம் போய்விட்டது, அந்த இடத்துக்கு வேறெதுவும் வரவில்லை. கொடியிலேயே பழம் கனிந்து சுருங்கும் வரை விட்டுப் பறித்தால் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும், புளிப்பில்லாத ஒயினை எந்த அறையும் காப்பாற்றாது. தாங்காது என்று பேசியவர்கள் இந்த மாதிரி பாட்டிலைக் குடித்துவிட்டுப் பேசியிருக்கலாம். எண்பது தொண்ணூறுகளின் ஒயினையும் அதே கணக்கில் சேர்த்தது அநியாயம்.

16 நவம்பர், சனி, பாசோ ரோபிள்ஸ்

விடியும் முன்னே கிளம்பி 101 நெடுஞ்சாலையில் தெற்கே வந்தோம். மேற்குப் பக்கத்து அடிலெய்டா மலைச் சாலையில் டாப்லஸ் கிரீக் என்ற ஒயின் தோட்டம். ஷாதோநெஃப்பின் புகழ்பெற்ற ஷாதோ த போகாஸ்டெலை நடத்தும் பெரான் குடும்பமும், அமெரிக்க இறக்குமதியாளர் ராபர்ட் ஹாஸும் சேர்ந்து 1989-ல் வாங்கிய 120 ஏக்கர். இருக்கிற கொடியை வாங்கி நடாமல் போகாஸ்டெலிலிருந்தே தண்டு வெட்டிக் கொண்டுவந்தார்கள். நியூயார்க் மாநிலத்து ஜெனீவா ஆய்வு நிலையத்தில் மூன்று வருஷம் தனிமைக் காவல், நோய் இல்லை என்று உறுதியான பிறகே இங்கே வந்தன. அந்தத் தண்டுகளின் வம்சம் இன்று கலிபோர்னியா முழுக்கப் பரவியிருக்கிறது. அவர்கள் கொடியைத் தங்களுக்குள் பூட்டி வைக்காமல் நாற்றாக மற்றவர்களுக்கும் விற்றதை நான் பெரிய காரியமாக மதிக்கிறேன்.

சாலை வெட்டின சரிவில் வெள்ளைக் கல் பாளம் பாளமாகத் தெரிகிறது. ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். பார்த்த அளவுக்குக் கனமில்லை, நகத்தால் கீறினால் மாவாக உதிர்கிறது, ஈர விரலில் ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. சுண்ணாம்புக் கல். மழைக்காலத்து நீரைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக் கோடையில் வேருக்குக் கொடுக்கும், அதனால் பல பாத்திகளுக்குப் பாசனமே இல்லை. இந்த மண்ணில் பழத்தின் புளிப்பும் இறங்காமல் நிற்கிறது. கோடையில் பகல் 38 டிகிரி தொட்டாலும் இரவு சரேலென்று குளிர்ந்துவிடுகிற ஊர். வெயில் ஊர் என்று ஒரே சொல்லில் இதை முடித்துவிட முடியாது.

17 நவம்பர், ஞாயிறு

நேற்றுப் பார்த்த மண்ணின் ஒயின், 2005. அப்போது பெயர் எஸ்ப்ரி த போகாஸ்டெல். 2011 அறுவடையிலிருந்து எஸ்ப்ரி த டாப்லஸ். மூர்வேத்ர் முன்னே நிற்கும் கலவை.

இளமையில் இதைக் குடித்திருக்கிறேன், பழமும் முரட்டுத் துவர்ப்பும் தனித்தனியாக நின்ற ஒயின். இப்போது இரண்டையும் பிரிக்க முடியவில்லை. பிளம், அதிமதுரம், ஈரக் காட்டு மண், இறைச்சிச் சாறு. அண்ணி ஆட்டுக்கறியை மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்திருந்தார். ஒரு வாய் கறி, ஒரு மடக்கு ஒயின் என்று போனதில் பேச்சே நின்றுவிட்டது. இது இன்னும் பத்து வருஷம் போகும். அண்ணன் மீதி பாட்டில்களை என் காரில் வைத்துவிட்டார். காசு பேச விடவில்லை.

23 நவம்பர், சனி

ஓக்லி. கான்ட்ரா கோஸ்டாவில் ஆற்று முகத்துவாரத்து ஊர். 1880-களில் தொடங்கி இத்தாலிய, போர்த்துக்கீசியக் குடியேறிகள் மணலில் நட்ட கொடிகள், வேரை அரிக்கும் ஃபிலாக்ஸெரா பூச்சி மணலில் வாழாது என்பதால் சொந்த வேரிலேயே நிற்கின்றன. மூர்வேத்ரை அவர்கள் மட்டாரோ என்றார்கள். அடிமாட்டு விலைக்குப் போய்க்கொண்டிருந்த பழம் அது. எண்பதுகளில் கிளைன் குடும்பமும் கிராமும் அதைத் தனியாக எடுத்து அதன் பெயரிலேயே ஒயின் செய்தார்கள்.

கம்பி கட்டாத கொடிகள், இடுப்பளவு உயரம், ஒவ்வொன்றும் முறுக்கிக்கொண்டு தனி மரமாக. மணலில் கால் கணுக்கால் வரை புதைகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் புது வீடுகள். ஊர் வளர வளரத் தோட்டம் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. நூறு வருஷக் கொடியைப் பிடுங்கிவிட்டு கார் நிறுத்த இடம் போடுவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. பிடுங்கினால் திரும்பி வராது.

இரவு கிளைனின் தொண்ணூறுகளின் மூர்வேத்ர் ஒன்று. முதல் மணம் யூகலிப்டஸ், இங்கே தோட்டங்களுக்குக் காற்றுத் தடுப்பாக அந்த மரங்களை நட்டிருப்பார்கள். உள்ளே கறுப்பு செர்ரி, புழுதி. நுட்பம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் திடமாக இருந்தது, கிளாஸ் காலியாகும் வரை சோரவில்லை.

28 நவம்பர், வியாழன்

நன்றியறிதல் நாள். வான்கோழிக்கு வெள்ளை: எஸ்ப்ரி த போகாஸ்டெல் பிளாங்க், 2005, பெரும்பங்கு ரூசான்.

ரூசானுக்கு இங்கே ஒரு கதை உண்டு. எண்பதுகளில் கிராம் பிரான்ஸிலிருந்து ரூசான் என்று கொண்டுவந்த கொடி, பலர் கைக்கும் போய்ப் பெருகி, கடைசியில் வியோனியே என்று 1998-ல் தெரியவந்தது. டாப்லஸ் கிரீக்கின் முறையான தண்டு வந்த பிறகே உண்மையான ரூசான் இங்கே பரவியது.

பொன்னைத் தாண்டிய அடர் மஞ்சள். நிறத்தைப் பார்த்து அண்ணன் முகம் சுருங்கியது, காற்றுப் பட்டுக் கெட்டுவிட்டதென்று நினைத்தார். "மோந்து பாருங்கண்ணே" என்றேன். தேன்மெழுகு, வறுத்த முந்திரி, பேரிக்காய், சாமந்தி. வாயில் எண்ணெய்ப் பதம், அடியில் உப்பும் புளிப்பும். ரொம்பக் குளிர்ந்திருந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. அறைச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் எல்லாம் வந்தது. இந்த மாதத்தின் சிறந்த பாட்டில் எது என்று கேட்டால் சிவப்பையெல்லாம் விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

நல்ல ரூசான் பாட்டில் கையில் இருப்பவர்கள் முதல் மூன்று நான்கு வருஷத்துக்குள் குடியுங்கள், இல்லையேல் பத்து வருஷத்துக்குப் பக்கத்திலேயே போகாதீர்கள். நடுவில் அது வாயை மூடிக்கொண்டு மந்தமாகிவிடும், அந்தச் சமயத்தில் திறந்துவிட்டுத்தான் பலர் இதை வெறுக்கிறார்கள். சிவப்பில் குளிர்ந்த தோட்டத்துச் சிராவைத் தாராளமாக வைக்கலாம். கிரெனாஷ் மட்டும் உள்ளதை ரொம்ப நாள் வைக்க வேண்டாம். அண்ணன் புது வீட்டுக்கு ஒரு குளிர்பெட்டி வாங்கியிருக்கிறார், பன்னிரண்டு பாட்டில் பிடிக்கும். அதில் மேல் தட்டு முழுவதும் வெள்ளைக்கு என்று சொல்லியிருக்கிறேன்.