லிட்டிபாடாவுக்கு மறுபடியும்

முதல் தடவை வடக்கே மிஷன் பணித்தளத்துக்கு மருத்துவ முகாம் போடப் போகிற குழு என்றால் சபையே கூடி வழியனுப்பும். காணிக்கை தட்டில் நோட்டுகள் விழும், முறுக்கு டப்பாக்கள் வரும். மறுபடியும் போகிறோம் என்று சொன்னால் மட்டும் ஜனங்களுக்குப் புரிவதில்லை. "போயிட்டு வந்தாச்சேம்மா, இன்னும் அங்க என்ன சோலி?" என்று ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு பெரியம்மை என்னிடம் கேட்டார்கள். போன தடவை பெயர் கொடுக்கப் போட்டி நடந்தது. இந்தத் தடவை ஐயர் (எங்கள் சபைப் போதகர்) அறிவிப்பைப் பல ஞாயிறு வாசிக்க வேண்டியிருந்தது. எனக்கென்னவோ அது நல்லதாகவே பட்டது. ஊர் பார்க்க வருகிறவர்கள் கழன்றுகொண்டார்கள், கைவேலை தெரிந்தவர்கள் மிஞ்சினார்கள். ஒரு டாக்டரம்மா, ஒரு நர்ஸ் அக்கா, தொழுநோய் மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர், கணக்கு வழக்குக்கு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் (எங்களுக்கு அவர் சார்வாள்), ஐயர், ஐயரம்மா, அப்புறம் நான். பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் மருந்தாளுநராக இருக்கிறேன்.

போகிற இடம் ஜார்க்கண்டில் பாகுர் மாவட்டம், லிட்டிபாடா வட்டாரம். பாகூர் என்றதும் புதுச்சேரிப் பக்கம் நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இது மேற்கு வங்க எல்லையை ஒட்டி, ராஜ்மஹால் மலைகளின் அடிவாரம். கருங்கல் ஜல்லிக்குப் பேர்போன ஊர். மேலே மலைக் கிராமங்களில் மால்ட்டோ பேசுகிற பஹாடியா மக்கள், கீழே சமவெளியில் சந்தால் மக்கள். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கி, இன்றைய தெலங்கானாவில் உள்ள தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பிய நாளிலிருந்தே வடக்கே ஊழியத்துக்குப் போவது எங்கள் ஊர்களில் புதுப்பேச்சு இல்லை. ராஜ்மஹால் மலைகளிலும் தமிழ்நாட்டு மிஷனெரி ஊழியர்கள் வெகுகாலமாக இருக்கிறார்கள். எங்களுக்கு அங்கே எல்லாம் ஏற்பாடு செய்கிற ஊழியரே நாசரேத் பக்கத்துக்காரர்தான்.

கிளம்புவதற்கு முன்னால் நடக்கிற வேலையைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். முகாம் படங்களில் அது வராது.

முதலில் தேதி. போன தடவை மே மாதம் போனோம். பள்ளிக்கூட லீவு, ஆசிரியர்கள் வர முடியும் என்பதுதான் கணக்கு. மலையில் அது ஊற்றுகள் வற்றி, பெண்கள் தண்ணீருக்காகவே ஏறி இறங்குகிற காலம். இந்தத் தடவை ஊழியரிடம், "அவங்களுக்கு எப்ப தோதுப்படும்?" என்று கேட்டுத்தான் டிக்கெட் போட்டோம். பர்பட்டி அறுத்த கையோடு, ஜனவரியில் வரச் சொன்னார். பர்பட்டி என்பது நம்ம தட்டைப்பயறு மாதிரி. அதைத் தூக்கிக்கொண்டு சந்தை நாளில் மலைக் கிராமம் முழுக்கக் கீழே இறங்கும். சந்தைக்குப் பக்கத்தில் முகாம் போட்டால் அவர்களுக்கு ஒரு நாள் பிழைப்பு மிச்சம். டாக்டரம்மாவுக்கு லீவு கிடைக்கப் பெரும்பாடு பட்டது வேறு கதை.

அடுத்தது மருந்து. இதில் நான் கொஞ்சம் கறார். மிஷன் பயணம் என்றதும் வீட்டில் மிஞ்சிய மாத்திரை, டாக்டர்களுக்குக் கம்பெனிக்காரர் கொடுத்த சாம்பிள் எல்லாம் பை பையாக வந்து சேரும். நல்ல மனசோடுதான் தருகிறார்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனம் மருந்து நன்கொடைக்கு வைத்திருக்கும் விதிகளில் இது இரண்டும் ஆகாது. நோயாளிக்குக் கொடுத்துத் திரும்பிய மருந்து கூடாது, இலவச சாம்பிள் கூடாது. போய்ச் சேருகிற நாளில் காலாவதிக்குக் குறைந்தது ஒரு வருடமாவது பாக்கி இருக்க வேண்டும். நான் பைகளை நன்றி சொல்லி வாங்கி, தனியே எடுத்து வைத்து, அழிக்க அனுப்பிவிடுவேன். அதில் ஓரிருவருக்கு வருத்தம் உண்டு.

பட்டியல் சின்னதுதான். பூச்சி மாத்திரை, சத்து மாத்திரை, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், பிள்ளைகளின் வயிற்றுப்போக்குக்கு 20 மில்லிகிராம் துத்தநாக மாத்திரை, சிரங்குக்கு 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பு, வெள்ளெழுத்துக் கண்ணாடி. சிரங்குக் களிம்பை ஒரு ஆளுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டால் வீண். வீட்டில் எல்லாரும் ஒரே ராத்திரி பூச வேண்டும், இல்லாவிட்டால் பத்து நாளில் பழையபடி சொறிவார்கள். அதனால் கணக்கை வீட்டு வாரியாகப் போட்டேன், பெட்டி பெருத்துவிட்டது. மலேரியா மருந்து நாங்கள் எடுப்பதில்லை. அதற்கு அங்கே சஹியா இருக்கிறார்கள். நம்ம ஊர் ஆஷா பணியாளருக்கு ஜார்க்கண்டில் அந்தப் பெயர். பரிசோதனைக் கிட்டும் மாத்திரையும் அவர்கள் கையில் இருக்கும். ரத்தக்கொதிப்பு மாத்திரையும் இந்தத் தடவை பெட்டியில் இல்லை. வருஷம் முழுக்கச் சாப்பிட வேண்டிய மாத்திரையை ஒரு மாதத்துக்குக் கொடுத்துவிட்டு ரயிலேறுகிறவர் யாராக இருந்தாலும் அது வைத்தியம் ஆகாது. அரசாங்கத் துணை சுகாதார மையத்தில் அது இலவசமாகக் கிடைக்கிறது. டாக்டரம்மா இந்தியில் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள், ஊழியர் கூட்டிப் போவார்.

மாத்திரைக் கவர்தான் சண்டையில் முடிந்தது. வழக்கமாக எங்கள் சேகரத்தில் (சபை வட்டாரத்தில்) அச்சடிக்கிற கவரில் ஒரு வேத வசனம் இருக்கும். இந்தத் தடவை வெறும் கவர் போதும் என்றேன். சார்வாளுக்குச் சுருக்கென்றது.

"ஏம்மா, வசனம் இருந்தா என்ன தப்பு? அதுவும் இல்லாம நாம எதுக்குப் போறோம்? மருந்து கொடுக்க கவர்மென்ட் இல்லையா?"

ஜார்க்கண்டில் 2017-இல் மதச் சுதந்திரச் சட்டம் வந்தது. கட்டாயப்படுத்தியோ ஆசை காட்டியோ மதம் மாற்றினால் தண்டனை. மாவட்ட சுகாதார அதிகாரியான சிவில் சர்ஜனிடம் முகாமுக்கு அனுமதி வாங்குகிற இடத்திலேயே இதையெல்லாம் கேட்பார்கள். நான் அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் என் எண்ணம் அதுதான். காய்ச்சலோடு நிற்கிற மனுஷி மாத்திரைக்குக் கை நீட்டும்போது கூடவே வேறொன்றையும் வைத்துக் கொடுத்தால், அவள் வேண்டாம் என்று சொல்ல வழி ஏது? ஐயர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "முகாம் நடக்கிற இடத்துல மருந்து மட்டும். ஜெபம் ஊழியர் வீட்டுல, நமக்குள்ள" என்றார். சார்வாள் ஒத்துக்கொண்டாரே தவிர, மனசு ஆறியதாகத் தெரியவில்லை. இன்றைக்கும் நாங்கள் இருவரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

வசனம் இருந்த இடத்தில் படம் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வேளை சொல்ல, பாதிச் சூரியன், முழுச் சூரியன், நிலா என்று போடுவது வழக்கம். பாதிச் சூரியனில் ஒரு சிக்கல் உண்டு. மலையில் அது உதிக்கிற சூரியனா, இறங்குகிற சூரியனா? நர்ஸ் அக்காதான் சேவலைப் போடுங்கள் என்றார்கள். கடைவீதியில் சேவல், சூரியன், நிலா என மூன்று ரப்பர் ஸ்டாம்பு செய்து வாங்கினோம். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து கவர் கவராகக் குத்தினார்கள். பாதிச் சேவல்களுக்குக் கொண்டை பதியவில்லை. ஒரு பையன் விடாமல் எல்லாவற்றுக்கும் சிவப்புப் பேனாவால் கொண்டை போட்டான்.

இதையெல்லாம்விட முக்கியமான சாமான் ஒரு நோட்டு. போன முகாமின் பதிவேடு.

அந்த வட்டாரத்துக்கு ஏன் திரும்பிப் போக வேண்டும் என்பதற்குக் காரணமே கருங்காய்ச்சல்தான். வடக்கே காலா ஆசார் என்பார்கள். மணல் ஈ கடித்துப் பரவுகிற ஒட்டுண்ணி நோய். வாரக்கணக்கில் காய்ச்சல், உடம்பு வற்றி வயிறு மட்டும் தள்ளும், கை வைத்தால் மண்ணீரல் தட்டுப்படும். கவனிக்காமல் விட்டால் சாவுதான். ஒரு வட்டாரத்தில் பத்தாயிரம் பேருக்கு வருஷத்தில் ஒருவருக்கும் குறைவாகக் கொண்டுவர வேண்டும் என்பது அரசாங்கத்தின் இலக்கு. 2022 முடிவில் நாட்டில் நோய் இருந்த 633 வட்டாரங்களில் 632 அதை எட்டிவிட்டன. எட்டாமல் நின்ற ஒன்று லிட்டிபாடா. 2023-இல் அதுவும் இறங்கியது. ஆக, நோய் ஒழிந்த மாதிரிதான் என்று பேப்பரில் படிக்கலாம்.

மணல் ஈ உயரப் பறக்காது, தத்தித் தத்திப் போகும். மண்சுவர் விரிசலிலும் மாட்டுத் தொழுவத்திலும் பகலெல்லாம் ஒண்டியிருக்கும். அதனால் சுவரில் ஆள் உயரத்துக்கு மருந்து அடிப்பார்கள். பண்டிகை வந்தால் பெண்கள் சுவருக்குப் புதுமண் பூசி மெழுகுவார்கள். மருந்து மண்ணுக்குள்ளே போய்விடும். பொங்கலுக்கு வெள்ளையடிக்காதே என்று நம்ம வீட்டில் யாராவது சொன்னால் கேட்போமா? போன தடவை ஊழியர் ஒரு வீட்டுச் சுவரைக் காட்டினார். சாணமும் மண்ணும் குழைத்து விரலால் வளைவு வளைவாக இழுத்த கோலம், அவ்வளவு அழகு.

நோய்க்கு இப்போது நல்ல மருந்து இருக்கிறது. லைப்போசோம் ஆம்போடெரிசின், எடைக்குத் தக்கபடி ஒரே ஒரு தடவை டிரிப்பில் ஏற்றினால் போதும், அரசு மருத்துவமனையில் இலவசம். எங்கள் முகாமில் மண்ணீரல் வீங்கியிருந்த ஓர் இளைஞனை ஊழியர் அப்படிக் கூட்டிப் போய்க் குணமாக்கிக் கொண்டுவந்தார். பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே டாக்டரம்மா சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறார்கள். குணமானவனுக்கு எதற்கு வட்டம் என்று அப்போது பலர் கேட்டார்கள்.

இந்த நோய்க்கு ஒரு வால் உண்டு. குணமாகிச் சில மாதம் கழித்தோ, சில வருடம் கழித்தோ, சிலருக்கு முகத்திலும் கையிலும் வெளிறிய தேமல் படரும். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, ஆள் நன்றாக நடமாடுவான். அதனால் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. ஆனால் அந்தத் தோலில் ஒட்டுண்ணி இருக்கிறது. மணல் ஈ கடித்தால் ஊருக்குள் மறுபடி பரவும். அதற்கு 12 வாரம் மில்டெஃபோசின் என்ற மருந்து சாப்பிட வேண்டும். பார்க்கத் தொழுநோய்த் தேமல் போலவே இருக்கும். அண்ணாச்சி எங்களோடு வருவது இதற்காகத்தான். பஞ்சைத் திரித்துத் தேமல் மேல் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கிற கை அவருடையது. ஒரே ஒரு தடவை போய்விட்டு வருகிற குழுவின் கண்ணில் இந்த வியாதி படவே படாது.

ஆக, கிளம்புவதற்கு முன் பதிவேட்டைப் படி எடுத்து ஊழியருக்கு அனுப்பினேன். அதிலுள்ளவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னேன். சுலபமான வேலை இல்லை. ஆண்கள் பலருக்குக் கடைசிப் பெயர் பஹாடியா, பெண்களுக்குப் பஹாடின், மிச்சம் மால்ட்டோ. முதல் பெயரும் நாலைந்துதான் சுற்றிச் சுற்றி வருகிறது. நல்லவேளை, போன தடவை நர்ஸ் அக்கா ஓரத்தில் குறித்திருந்தார்கள்: "பலா மரத்து வீடு", "இடது காதில் வடு", "எப்பவும் சிரிப்பாள்". ஊழியர் மலையேறி இறங்கி ஒவ்வொரு பெயராக வாட்ஸாப்பில் குரல் அனுப்பினார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அதைக் கேட்டுக் குறிப்பதே என் வேலையாக இருந்தது. மூச்சிரைப்புக்கு நடுவே, "அக்கா, இந்தம்மா செங்கல் சூளைக்குப் போயிட்டாங்க", "இவரு தவறிட்டாரு", "இந்தப் பாட்டி உங்களைத்தான் கேட்டாங்க, அந்தக் குட்டை அக்கா வராங்களான்னு."

கிளம்பிய நாள் பற்றிச் சொல்லப் பெரிதாக இல்லை. திருநெல்வேலி ஜங்ஷனில் ஜெபம், பெட்டிகளை எண்ணுவது, ஐயரம்மாவின் முந்திரிக்கொத்து, நெல்லை எக்ஸ்பிரஸ். சென்னையில் காலையில் எழும்பூரிலிருந்து சென்ட்ரலுக்குப் பெட்டிகளோடு அல்லாடி, மறுநாள் கோரமண்டல். ஹவுராவை ஒட்டிய ஷாலிமார் வரைக்கும் சுமார் 1,660 கிலோமீட்டர். ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் அட்டைப் பெட்டிகளைத் தட்டிப் பார்த்து என்ன என்று கேட்டார். பில்லையும் அனுமதிக் கடிதத்தையும் நீட்டினேன். அதற்கப்புறம் அவருடைய முழங்கால் வலிக்கு நாங்கள் ஆலோசனை சொல்ல வேண்டியதாயிற்று.

விஜயவாடா தாண்டிய பிறகு ஊழியரின் கடைசிக் குரல் வந்தது. சிவப்பு வட்டக்காரன் ஊரில் இல்லை. பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போய்விட்டான்.

நாங்கள் அவனைப் பார்க்கத்தான் முக்கியமாகப் போகிறோம், அவன் எங்கள் ஊர்ப் பக்கம் வந்துவிட்டான். சார்வாள் சிரித்தார், டாக்டரம்மா சிரிக்கவில்லை. திருப்பூரில் முகத்தில் தேமல் என்று போய் நின்றால் படைக்குக் களிம்பு தருவார்கள், கருங்காய்ச்சல் என்று அங்கே யாருக்குத் தோன்றும்? எண் வாங்கி அவனைக் கூப்பிட்டோம். இந்தியில் தொடங்கினோம், அவன் தமிழுக்கு மாறினான். "நல்லா இருக்கேன்க்கா. ஷிஃப்ட் முடிஞ்சிருச்சு." டாக்டரம்மா வீடியோவில் முகத்தைக் காட்டச் சொல்லி, வெளிச்சத்தில் நிற்கச் சொல்லி, கன்னம், தாடை, கைகள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. இருந்தாலும் போனில் பார்த்ததை நம்ப மாட்டேன் என்று, அவன் எதிலிருந்து குணமானான், எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதிப் படமெடுத்து அனுப்பினார்கள். எப்போது தேமல் வந்தாலும் அதை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று இரண்டு முறை சொல்ல வைத்தார்கள்.

அவனுக்கு வேறு கவலை. அம்மாவுக்குப் பயறில் கல் பொறுக்கக் கண் தெரியவில்லையாம், கண்ணாடி இருக்கிறதா என்று கேட்டான். வயசைக் கேட்டுவிட்டு, பார்த்துக் கொடுக்கிறோம் என்றேன். சந்தை அன்றைக்கு வரச் சொல்லி இப்போதே போன் போடுகிறேன் என்று வைத்துவிட்டான். நான் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே திருப்பூர் என்றும் எண்ணையும் எழுதி, அடுத்த வரியில் அவன் அம்மாவுக்குப் புதிதாக ஒரு இடம் போட்டேன். பலா மரத்து வீட்டுக்கு அடுத்த வீடாம்.