ஓரம் வெட்டப்பட்ட பத்திரிகைத் துண்டு

எங்கள் ஐயாவைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் நான் எழுதிய முதல் கட்டுரை பதினொரு நாள்களில் நீக்கப்பட்டது. பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்து பொருள் ஈட்டப் போய், அங்கே ஈட்டிய பணத்தில் சொந்த ஊரில் ஒரு தொடக்கப்பள்ளியைக் கட்டி, கடைசிவரை அதன் செலவைத் தாமே ஏற்ற ஒருவரை, எழுதியவன் அவருடைய பேரன் என்பதற்காக ஏன் ஒதுக்க வேண்டும் என்று அன்று கோபப்பட்டேன். அதன் பிறகு ஐந்து ஆண்டுகளாகச் செட்டிநாட்டு ஊர்களைப் பற்றி அங்கே தொடர்ந்து எழுதிவருகிறேன். இன்று அந்தக் கட்டுரை என் முன் வந்தால், நீக்க வேண்டும் என்று நானே வாக்களிப்பேன்.

அதன் முதல் வரி இப்படி இருந்தது: "கல்வித் தந்தையும் கொடை வள்ளலும் தன்னலமற்ற தொண்டின் திருவுருவுமான எங்கள் ஐயா அவர்கள்…" அந்த வரியில் ஒரே ஒரு செய்தி கூட இல்லை. பள்ளி எந்த ஊரில் இருக்கிறது, எந்த ஆண்டு தொடங்கியது, எத்தனை வகுப்புகள் இருந்தன என்பதெல்லாம் நான்காம் பத்திக்குப் பிறகே வந்தன. அழகப்பச் செட்டியாரைப் பற்றி எழுதும்போது புகழுரைக்கும் செய்திக்கும் உள்ள வேறுபாடு நன்றாகப் புலப்படும். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார், 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் ஆய்வகம் திறக்கப்பட்டது என்று எழுதினாலே போதும். வள்ளல் என்ற சொல்லை வாசகர் தாமாகவே சொல்லிக்கொள்வார். அந்தச் செய்திகளைச் சொல்வதற்கு அவருடைய குடும்பத்தார் வர வேண்டியதில்லை. ஆய்வகத்தின் ஆவணங்களும் அந்தக் கால நாளிதழ்களும் சொல்கின்றன.

என் கட்டுரையில் நான் மூன்று சான்றுகள் காட்டியிருந்தேன். முதலாவது, ஐயாவின் சாந்திக் கல்யாணத்துக்கு (அறுபதாம் கல்யாணம்) வெளியிட்ட மலர். அதை எழுதியவர் எங்கள் பெரியப்பா, அச்சுச் செலவு எங்கள் அப்பச்சியுடையது (அப்பாவுடையது). அந்த மலர் பள்ளி தொடங்கியதாகச் சொல்லும் ஆண்டும் பள்ளியின் முகப்பில் பதித்த கல்வெட்டில் உள்ள ஆண்டும் மூன்று ஆண்டுகள் வேறுபடுகின்றன என்பதை அன்று நான் கவனிக்கவே இல்லை. இரண்டாவது, ஓர் உள்ளூர் இதழில் வந்த பக்கம். அது கட்டணம் கட்டி வெளியிட்ட விளம்பரச் செய்தி.

மூன்றாவதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றும் வாரம் ஒரு முறையாவது அதே பிழையை வேறொருவர் செய்வதைப் பார்க்கிறேன். செட்டிநாட்டுப் பெருமக்களைத் தொகுக்கும் ஓர் இணையதளத்தில் ஐயாவைப் பற்றி அரைப்பக்கம் இருந்தது. குடும்பத்துக்குத் தொடர்பில்லாத ஒருவர் எழுதியிருக்கிறார் என்று மகிழ்ந்து அதைச் சான்றாக இணைத்தேன். மூன்றாம் நாள் ஒரு மூத்த பயனர், கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் இரண்டு பத்திகளை அருகருகே ஒட்டிக் காட்டினார்: ஒன்று என் கட்டுரை, மற்றொன்று அந்தத் தளம். நான் "ஆயிரக்கணக்கான" என்பதில் விட்டிருந்த எழுத்துப்பிழை அங்கேயும் அப்படியே இருந்தது. விக்கிப்பீடியாவின் வரலாற்றுப் பக்கம் ஒவ்வொரு தொகுப்பையும் (கட்டுரையில் செய்யும் மாற்றத்தையும்) நாளோடும் மணியோடும் காத்து வைப்பதால், என் முதல் தொகுப்புக்கு மறுநாள்தான் அந்தத் தளத்தின் பக்கம் தோன்றியது என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று. என் சொல்லையே எனக்குச் சாட்சியாக நான் நிறுத்தியிருந்தேன். நான் அதை அறிந்து செய்யவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த மூத்த பயனர் கவனிக்காமல் விட்டிருந்தால், பெரியப்பாவின் தவறான ஆண்டு பத்துத் தளங்களுக்குப் பரவி, நாளை ஒரு மாணவரின் ஆய்வேட்டில் "பலரும் கூறுவது" என்று ஏறியிருக்கும்.

இந்த ஒழுங்கு நம் ஊருக்குப் புதியதன்று. இரங்கூனிலோ மோல்மேனிலோ இருந்த வட்டிக்கடை ஏஜெண்டு ஐந்தொகை என்னும் வரவு செலவு நிலைக் கணக்கை எழுதி ஊருக்கு அனுப்புவார். வளவு எனப்படும் பெரிய வீட்டில் பேரேட்டை விரித்து உட்கார்ந்து அதை வரி வரியாகச் சரிபார்ப்பவர் வேறொருவராக இருப்பார். தன் கணக்கைத் தானே பார்த்துச் சரி என்று எழுதியனுப்பினால், எவ்வளவு நேர்மையானவர் எழுதியதாயினும் எந்தக் கடையிலும் ஏற்றிருக்க மாட்டார்கள்.

சொந்த நலன் கலந்த பொருளைப் பற்றி எழுத விரும்புகிறவருக்கு வழி அடைபட்டிருக்கவில்லை. தம் தொடர்பைப் பயனர் பக்கத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, செய்ய வேண்டிய திருத்தத்தைச் சான்றோடு பேச்சுப் பக்கத்தில் முன்வைக்கலாம். தொடர்பில்லாத ஒருவர் பார்த்துச் சேர்ப்பார். பணம் பெற்று எழுதுகிறவர் யாரிடம் பெற்றார் என்று அறிவிக்க வேண்டும் என்பது 2014 ஜூன் முதல் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிகளிலேயே இருக்கிறது. பழைய வளவுகளைத் தங்கும் விடுதிகளாக மாற்றியிருக்கும் சிலர், ஊர்க் கட்டுரைகளில் தங்கள் விடுதியின் இணைப்பைத் திரும்பத் திரும்பச் சேர்க்கிறார்கள். கட்டுரைகளில் உள்ள வெளி இணைப்புகளைத் தேடுபொறிகள் கணக்கில் கொள்ளாதபடி 2007-லேயே குறியிட்டுவிட்டார்கள் என்பதை அவர்கள் அறிந்தால் அந்த உழைப்பாவது மிஞ்சும்.

ஆனால் ஒரு குறையை நான் மறைக்க விரும்பவில்லை. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. அச்சில் ஏறாத நம் ஊர்ச் செய்திகளோ அதைவிடப் பல தலைமுறை பழையவை. ஆச்சிமார் நினைவில் மட்டும் இருக்கும் சடங்கையும், ஆத்தங்குடியில் கண்ணாடியின் மேல் சாயம் ஊற்றித் தரைக்கல் வார்க்கும் கைப்பக்குவத்தையும், பார்த்தேன், கேட்டேன் என்ற பலத்தில் அங்கே எழுத முடியாது. முதலில் யாராவது ஆராய்ந்து, வேறோர் இடத்தில், பொறுப்புள்ள பதிப்பாசிரியரின் கண்பட்டு வெளியிட்டிருக்க வேண்டும். எனக்கு இது வலிக்கிறது. ஆயினும் இந்த வாசலைத் திறந்தால் சடங்குக்கு முன்னால் என் கட்டுரையைப் போன்ற நூறு கட்டுரைகள் நுழைந்துவிடும் என்பதையும் அனுபவத்தில் கண்டுவிட்டேன். செட்டிநாட்டின் ஊர்கள் 96 என்று ஒருவர் எழுதுகிறார், 76 என்று இன்னொருவர் எழுதுகிறார். எந்தக் காலத்துக் கணக்கை யார் சொன்னார் என்று காட்டி எழுதினால் இரண்டுக்கும் இடம் உண்டு, காட்டாமல் எழுதினால் நாள்தோறும் சண்டைதான்.

சான்றுகள் இல்லவே இல்லை என்று சொல்வதற்கும் நமக்கு உரிமையில்லை. காரைக்குடியிலிருந்து சொ. முருகப்பாவின் 'குமரன்' இதழ் வந்தது, ராய. சொக்கலிங்கத்தின் 'ஊழியன்' இதழ் வந்தது. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் திரட்டிய நூல்களையும் இதழ்களையும், அவர் 1992-இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. இன்று அவை சென்னைத் தரமணியில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன.

சென்ற மாதம் சித்தப்பா மகன் இரண்டாங்கட்டில் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து, "அண்ணே, இது போதும்ல, இப்பப் போட்ரலாம்ல?" என்று ஒரு பத்திரிகைத் துண்டை நீட்டினான். எங்கள் அப்பத்தா வெட்டி வைத்தது. ஐயாவின் பள்ளி ஆண்டுவிழாவைப் பற்றி எட்டு வரிச் செய்தி, ஐயா மேடையில் நிற்கும் படம், வந்திருந்த அதிகாரியின் பெயர், மாணவர்களின் எண்ணிக்கை எல்லாம் அதில் இருந்தன. படத்தையும் செய்தியையும் ஒட்டி, கத்தரிக்கோலால் அவ்வளவு நேர்த்தியாக வெட்டியிருந்ததால், இதழின் பெயரும் தேதியும் பக்க எண்ணும் வெட்டிய ஓரத்தோடு போய்விட்டன. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஒரு கப்பல் கம்பெனி விளம்பரம் பாதி இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து புறப்படும் நாள் என்று ஒரு கிழமையும் தேதியும் தெரிந்தன, ஆண்டு தெரியவில்லை. அந்தத் தேதி அந்தக் கிழமையில் வரும் ஆண்டுகளைக் குறித்துக்கொண்டு, துண்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் தரமணிக்கு எடுத்துச் செல்கிறேன்.